பல ஆண்டுகளாக ஒன்றாக இருக்கும் குழுவுக்குப் புதிய மேலாளராக வந்திருக்கிறேன். எதிர்ப்பை எப்படிக் கையாள்வது?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்ட நிலைமை இது. நெடுங்காலமாக ஒன்றாக வேலை செய்துவரும் ஒரு குழுவுக்கு நீங்கள் வெளியிலிருந்து மேலாளராக வந்து சில வாரங்கள் ஆகின்றன. கூட்டங்களில் நீங்கள் கேட்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது, அல்லது எவரும் வாய் திறப்பதில்லை. வேலைக்குத் தேவையான தகவல்கள் உங்களுக்குக் கடைசியில்தான் வந்து சேர்கின்றன. உங்கள் பதவியை எதிர்பார்த்துக் காத்திருந்த மூத்த ஊழியர் ஒருவர் மற்றவர்கள் முன்னிலையில் உங்களைத் திருத்துகிறார். சிலர் உங்களைத் தாண்டி உங்கள் மேலதிகாரியிடம் நேரே போகிறார்கள். இந்தக் குழுவை எப்படி உங்கள் பக்கம் ஈர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈர்க்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பிறருக்குப் பிடித்தமானவராக இருக்க விரும்பும் மேலாளர், மறுக்கவேண்டிய இடத்தில் மறுக்கமாட்டார். தம்மால் நிறைவேற்ற முடியாதவற்றுக்கும் தலையசைத்துவிடுவார். பின்னர் அதே வாக்குறுதிகளைத் திரும்பப் பெறும்போது, தொடக்கத்தில் இல்லாத காரணம் ஒன்றையும் குழுவின் கோபத்துக்குச் சேர்த்துக்கொடுத்துவிடுவார். அறிமுகமில்லாத மேலாளரிடம் ஒரு குழு முதலில் தேடுவது நட்பை அன்று. அவர் எந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்வார் என்பதைக் கணிக்க முடிகிறதா என்பதையே அது பார்க்கிறது. முடிவுகளை எப்படி எடுக்கிறார், பிழை நேர்ந்தால் என்ன செய்கிறார், ஒருவரிடம் சொன்னதையே மற்றவரிடமும் சொல்கிறாரா என்பவை தெரியும்வரை அவர்கள் பின்வாங்கியே நிற்பார்கள். தமக்குப் பிடிக்காத மேலாளருடன் நன்றாக வேலை செய்கிற குழுக்கள் நிறைய உண்டு. ஆனால் இன்ன நேரத்தில் இன்னது செய்வார் என்று ஊகிக்கவே முடியாத மேலாளருடன் எந்தக் குழுவாலும் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. ஆகவே உங்கள் முயற்சி முழுவதையும், நீங்கள் எப்படிச் செயல்படுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெளிவாகும்படி செய்வதில் செலுத்துங்கள்.

இந்த எதிர்ப்பு உங்களிடமிருந்து மட்டும் பிறந்ததன்று என்பதையும் உணர்ந்துகொள்வது நல்லது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்வின் கூல்ட்னர் ஒரு ஜிப்சம் சுரங்கத்தையும் அதனோடு இணைந்த தொழிற்சாலையையும் நெருங்கி ஆராய்ந்து 1954-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அங்கே முன்பிருந்த மேலாளர் விதிகளில் நெகிழ்வாக இருந்தவர். தொழிலாளர்களுக்கும் அவருக்கும் இடையே எழுதப்படாத பல புரிதல்கள் இருந்தன. அவருக்குப் பின் வந்தவரிடம் உற்பத்தியைப் பெருக்கவேண்டும் என்று தலைமை அலுவலகம் எதிர்பார்த்தது. அவருக்கு அந்த உள்வட்டப் பழக்கங்கள் தெரியாது. தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லவும் இல்லை. எனவே தம் கையில் இருந்த ஒரே கருவியான விதிப்புத்தகத்தை அவர் இறுகப் பிடித்தார். பழைய துணை அதிகாரிகளின் இடத்தில் தமக்கு வேண்டியவர்களை அமர்த்தினார். விதிகள் இறுகியதும் பகைமை வளர்ந்தது, பகைமை வளர வளர அவர் மேலும் விதிகளையே நம்பினார், பழைய மேலாளரைப் பற்றிய நினைவோ நாளுக்கு நாள் மெருகேறியது. புதிய மேலாளர் கெட்டவர் என்பதால் நேர்ந்ததன்று இது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத எவரும் எளிதில் விழுந்துவிடக்கூடிய சுழல் இது.

உங்கள் முதல் சில வாரங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், அறிக்கையின் வடிவம், யார் யாருக்கு மின்னஞ்சலில் நகல் அனுப்புவது என்பன போன்ற சிறிய விஷயங்களில் எதையாவது இறுக்கினீர்களா என்று பாருங்கள். உங்களுக்கு ஒழுங்குபடுத்தலாகத் தோன்றியது, அவர்களுக்கு நெடுநாளைய சலுகை ஒன்று பறிபோனதாகத் தெரிந்திருக்கலாம். அப்படி ஒன்று இருந்து, அதைத் தளர்த்துவதால் வேலைக்குக் கேடில்லை என்றால், வெளிப்படையாகவே தளர்த்துங்கள். அதற்கு விளக்கவுரை தேவையில்லை; "முன்பு நீங்கள் செய்துவந்த முறையே இதற்கு நன்றாக இருக்கிறது, அப்படியே தொடரலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

எதிர்ப்பு எல்லாமே ஒரே வகையானதும் அன்று. மேலாண்மை ஆய்வாளர்கள் ஜான் கோட்டரும் லெனர்ட் ஷ்லெசிங்கரும் 1979-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மாற்றத்தை மக்கள் எதிர்ப்பதற்கு நான்கு காரணங்களைக் கூறினார்கள்: தமக்கு இழப்பு நேரும் என்ற எண்ணம், தவறான புரிதலும் நம்பிக்கைக் குறைவும், நிலைமையை வேறுவிதமாக மதிப்பிடுவது, மாற்றத்தைத் தாங்கும் வலிமை குறைந்திருப்பது. இவற்றுள் மூன்றாவதைத்தான் புதிய மேலாளர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன யோசனையை அவர்கள் முன்பே செய்துபார்த்திருக்கலாம்; அது ஏன் நடக்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர்களுடைய மௌனத்தைப் பகை என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கக்கூடும் என்ற வாய்ப்பை நேர்மையாக எண்ணிப்பாருங்கள்.

இதையெல்லாம் கூட்டத்தில் அறிய முடியாது. ஒவ்வொருவருடனும் தனித்தனியாக, அவசரமில்லாமல், ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் அனுபவத்தையோ திட்டத்தையோ விளக்குவதற்கான நேரமன்று அது. அவர் பேசவேண்டும், நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். உங்கள் வேலையில் எது தேவையில்லாமல் நேரத்தைத் தின்கிறது, இங்கே நான் எதை மாற்றவே கூடாது, எனக்குத் தெரியாமல் நான் இடறி விழக்கூடிய இடம் எது என்று கேளுங்கள். இவற்றோடு இன்னொரு கேள்வியையும் தவறாமல் கேளுங்கள்: "எனக்கு முன்பிருந்தவர் உங்களுக்கு ஏதாவது சொல்லியிருந்தாரா, நிறைவேறாமல் நிற்கிற வாக்குறுதி ஏதாவது இருக்கிறதா?" பதவி உயர்வு, ஊதிய உயர்வு, பயிற்சி, நீண்ட விடுப்பு, வேறு பிரிவுக்கு மாற்றம் என்று எந்தக் கோப்பிலும் இல்லாத ஒப்பந்தங்கள் ஒரு குழுவுக்குள் எப்போதும் இருக்கும். மேலாளர் மாறியவுடன் அவை காற்றில் போய்விடுகின்றன. உங்களிடம் காட்டப்படும் கசப்பில் ஒரு பகுதி, உண்மையில் அந்த வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுப் போனவர்மேல் உள்ள கசப்பாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

அந்தப் பேச்சில் எதையும் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். "விசாரித்துவிட்டு இன்ன நாளில் பதில் சொல்கிறேன்" என்று சொல்லி, அந்த நாளில் கட்டாயம் பதில் சொல்லுங்கள். பதில் 'முடியாது' என்று இருந்தாலும், காரணத்தோடு, சொன்ன நாளில் வந்த பதிலுக்கு மதிப்பு உண்டு. உங்களைக் கணிக்கலாம் என்பதற்கான முதல் சான்றாக அவர்களுக்கு அது அமைகிறது. யார் உங்களுக்கு எதிராகப் பேசுகிறார்கள் என்று எவரிடமும் கேட்காதீர்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள். பேச்சுகள் எல்லாம் முடிந்தபின், பெயர்கள் இல்லாமல், பொதுவாகக் கேட்டவற்றைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்து, இவற்றை உடனே சரிசெய்கிறேன், இவற்றுக்கு இன்ன காலம் ஆகும், இவை என் கையில் இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் அதிகாரத்துக்குள் அடங்கும் ஒன்றிரண்டு இடைஞ்சல்களை, அவை எவ்வளவு சிறியவையாக இருந்தாலும், முதலில் நீக்கிவிடுங்கள். பழுதான கருவி ஒன்றை மாற்றித்தருவதும், யாரும் படிக்காத வாராந்தர அறிக்கை ஒன்றை நிறுத்துவதும், நீங்கள் ஆற்றக்கூடிய எந்த உரையையும்விட அதிகம் பேசும்.

இனி அந்த மூத்த ஊழியர். உங்கள் கேள்வியிலேயே கடினமான பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அவருடைய ஏமாற்றம் உண்மையானது. ஒருவேளை அது நியாயமானதாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காததுபோல் நடந்துகொள்வது இருவருக்கும் அவமானம். அவரை விரைவில் தனியே சந்தித்து நேரடியாகவே சொல்லுங்கள்: "இந்தப் பொறுப்பை நீங்கள் எதிர்பார்த்திருந்தீர்கள் என்று அறிகிறேன். அது கிடைக்காமல்போனதில் வருத்தம் இருப்பது இயல்பு. அந்த முடிவை நான் எடுக்கவில்லை, அதற்கு விளக்கம் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. இங்கே உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்." இவ்வளவுதான். பதவி கிடைத்ததற்காக மன்னிப்புக் கேட்காதீர்கள், ஏனெனில் அப்படிக் கேட்டால் உங்களுக்கே அதில் ஐயம் இருப்பதாகப் பொருளாகும். அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டாம். அவர் அதன் நோக்கத்தை உடனே கண்டுகொள்வார். 'துணை மேலாளர்' போன்ற வெற்றுப் பட்டம் ஒன்றைக் கையில் திணிப்பது எல்லாவற்றிலும் மோசமானது.

சமூக உளவியலாளர்கள் ஜான் ஃபிரெஞ்சும் பெர்ட்ராம் ரேவனும் 1959-இல் அதிகாரத்தின் அடிப்படைகளை ஐந்தாகப் பகுத்தார்கள். பதவி தரும் உரிமை, பரிசளிக்கும் ஆற்றல், தண்டிக்கும் ஆற்றல் ஆகிய மூன்றும் உங்கள் நியமன ஆணையோடு உங்களுக்கு வந்துவிட்டன. துறை அறிவும், பிறர் தம்மை அவரோடு இணைத்துக்கொள்ள விரும்பவைக்கும் தனிமனித மதிப்பும் இப்போதைக்கு அந்த மூத்தவரிடம் இருக்கின்றன. உங்களிடம் இருக்கும் மூன்றைக் கொண்டு அவரிடம் இருக்கும் இரண்டை முறியடிக்க முயல்வதுதான் இத்தகைய சூழலில் நடக்கும் பெரும்பாலான மோதல்களின் உள்ளடக்கம். அதில் மேலாளர் வென்றாலும் குழு தோற்றுப்போகிறது. அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்த ஒரு பகுதியை எடுத்து, அதில் முடிவெடுக்கும் உரிமையையே அவரிடம் கொடுங்கள். எந்த எல்லைவரை அவர் தாமே முடிவு செய்யலாம், எதற்கு உங்களிடம் வரவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதன்பின் அந்த எல்லைக்குள் குறுக்கிடாதீர்கள். அவர் எடுத்த நல்ல முடிவை மேலிடத்தில் அவர் பெயரைச் சொல்லியே தெரிவியுங்கள்.

மற்றவர்கள் முன்னிலையில் அவர் உங்களைத் திருத்துவதைப் பொறுத்தவரை, இரண்டு வேறு செயல்கள் அதில் கலந்திருக்கின்றன. நீங்கள் சொன்ன செய்தி தவறாக இருந்து அதை அவர் சரிசெய்தால், நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டு மேலே போய்விடுங்கள். தவறை ஏற்கும் மேலாளர்மீது குழுவுக்கு மதிப்பு குறைவதில்லை. செய்தியில் பிழையே இல்லாமல் உங்களைச் சிறுமைப்படுத்தும் தொனியில் அவர் பேசினால், கூட்டத்தில் பதிலடி கொடுக்காமல், அன்றைக்கே தனியே அழைத்துப் பேசுங்கள். "இன்று காலை அட்டவணையைப் பற்றிப் பேசும்போது, 'இதுகூடத் தெரியாமல் வந்திருக்கிறார்கள்' என்று சொன்னீர்கள். என் முடிவோடு நீங்கள் உடன்படாமல் இருக்கலாம், கூட்டத்திலேயே அதைச் சொல்லவும் செய்யலாம். இப்படிப்பட்ட பேச்சு இனி வேண்டாம்" என்று, சொன்ன சொற்களையே திருப்பிச் சொல்லி, குரலை உயர்த்தாமல் முடித்துக்கொள்ளுங்கள். அவர் சமாதானம் சொன்னால் கேளுங்கள், வாதத்தில் இறங்காதீர்கள். இந்தப் பேச்சை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் அது பழைய கணக்குத் தீர்ப்பதாகிவிடும்.

அவரோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஓராண்டுக்குள் அவர் வேறிடம் போகவும் கூடும். போவதென்று அவர் முடிவு செய்தால், மதிப்போடு போக உதவுங்கள். நல்ல பரிந்துரை கொடுங்கள். அவருடைய அறிவு குழுவில் தங்குவதற்குப் போதிய கால அவகாசத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எஞ்சியிருப்பவர்கள் அவருடைய பிரிவைவிட, அவரை நீங்கள் நடத்திய விதத்தையே நீண்டகாலம் நினைவில் வைத்திருப்பார்கள்.

மௌனத்துக்கும் தகவல் மறைப்புக்கும் வருகிறேன். சிகாகோவுக்கு அருகிலிருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில், 1931-க்கும் 1932-க்கும் இடையே, தொலைபேசி இணைப்பகத்துக்கான கம்பிகளைப் பொருத்தும் 14 ஆண்களை ஆய்வாளர்கள் சில மாதங்கள் ஓர் அறையில் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு வேலைதான் நியாயம் என்று அந்தக் குழு தனக்குத்தானே ஓர் அளவு வைத்திருந்தது. அதற்கு மேல் செய்பவரையும் கீழே செய்பவரையும் அது ஒருசேரக் கண்டித்தது. சக தொழிலாளியைப் பற்றி மேற்பார்வையாளரிடம் கோள் சொல்வதும், அதிகார மிடுக்கு காட்டுவதும் அங்கே குற்றங்களாகக் கருதப்பட்டன. கூடுதலாகச் செய்தால் ஊதியமும் கூடும் என்ற ஏற்பாடு இருந்தும் இந்தக் கட்டுப்பாடு உடையவில்லை. நெடுங்காலம் ஒன்றாக இருக்கும் எந்தக் குழுவிலும் இத்தகைய எழுதப்படாத சட்டங்கள் உண்டு. உங்களிடம் மனம்விட்டுப் பேசுகிறவர் மற்றவர்களிடம் அதற்கு ஒரு விலை கொடுக்க நேரிடுகிறது. அந்த விலையைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே முதலில் உங்களிடம் நட்பாக வந்தவரைக் கூட்டத்தில் புகழாதீர்கள். அவரோடு மட்டும் நீண்ட நேரம் அறையில் அமர்ந்து பேசாதீர்கள். புதிய மேலாளரைத் தேடி முதல் வாரத்திலேயே வருகிறவர், சில வேளைகளில், குழு முன்பே ஒதுக்கிவைத்த ஒருவராகவும் இருப்பார். ஒவ்வொரு புதிய மேலாளரிடமும் அவர் அப்படியே வந்திருப்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள், அவருக்குரிய மரியாதையைக் கொடுங்கள். ஆனால் அவருடைய கண்களின் வழியே மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டால், குழு உங்களையும் அவரோடு சேர்த்தே ஒதுக்கிவிடும்.

கூட்டத்தில் எவரும் பேசவில்லை என்றால் கூட்டத்தின் அமைப்பை மாற்றுங்கள். விவாதிக்கவேண்டிய கேள்வியை முந்தைய நாளே எழுதி அனுப்புங்கள். கூட்டத்தை நடத்தும் பொறுப்பை வாரம் ஒருவருக்கு முறைவைத்துக் கொடுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். மேலாளர் தம் முடிவை முதலில் சொல்லிவிட்டு 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்பது கேள்வியே ஆகாது. நீங்கள் இல்லாத வாட்ஸாப் குழு ஒன்று அவர்களுக்குள் இருப்பது தெரியவந்தால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். அது அவர்களுடைய இடம், உங்களைச் சேர்க்கும்படி கேட்பதும் அதில் என்ன பேசினார்கள் என்று விசாரிப்பதும் உங்களுக்குத் தாழ்வையே தரும். வேலை தொடர்பான முடிவுகள் மட்டும் அலுவலகத்தின் பொதுப் பதிவில் இருக்கவேண்டும் என்று வலியுறுத்துங்கள்.

தகவல் தாமதமாக வருவதற்கும் இதே அணுகுமுறைதான். "ஏன் என்னிடம் சொல்லவில்லை" என்று கேட்டால் சாக்குகள்தான் கிடைக்கும். எந்தத் தகவல், யாரிடமிருந்து, எந்த நாளுக்குள், எந்த இடத்தில் பதிவாகவேண்டும் என்பதை வேலையின் ஒரு பகுதியாகவே வகுத்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த முக்கிய வேலை ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரைப் பழக்குங்கள். உடல்நலம் குன்றினாலோ நீண்ட விடுப்பில் போனாலோ வேலை நின்றுவிடக்கூடாது என்ற உண்மையான காரணத்தைச் சொல்லியே இதைச் செய்யலாம். அந்த ஒருவருக்கும் விடுப்பு நாளில் தொலைபேசி அழைப்பு வராது என்ற ஆறுதல் கிடைக்கிறது.

மாற்றங்களை எப்போது தொடங்குவது என்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருந்த ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலையில் லெஸ்டர் காக்கும் ஜான் ஃபிரெஞ்சும் செய்து 1948-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பெரிதும் பயன்படும். வேலைமுறை மாற்றம் ஒரு குழுவுக்கு வெறுமனே அறிவிக்கப்பட்டது. வேறு குழுக்களில் எல்லாத் தொழிலாளர்களும் புதிய முறையை வகுப்பதிலேயே பங்கெடுத்தார்கள். அறிவிப்பை மட்டும் பெற்ற குழுவின் உற்பத்தி சரிந்து அப்படியே நின்றது. முதல் 40 நாட்களில் அவர்களில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டுப் போனார்கள். எல்லாரும் பங்கெடுத்த குழுக்கள் விரைவாக மீண்டு, பழைய அளவையும் தாண்டின. ஆய்வின் அடுத்த கட்டம் இதைவிட முக்கியமானது. அறிவிப்பை மட்டும் பெற்ற அந்தக் குழுவில் எஞ்சியிருந்தவர்களுக்கு, சில மாதங்கள் கழித்து, பங்கேற்பு முறையில் வேறொரு மாற்றம் அறிமுகமானபோது, அதே ஆட்கள் விரைவாகத் தேர்ச்சியடைந்தார்கள். முரண்டுபிடிப்பது அவர்களுடைய குணமாக இருக்கவில்லை. மாற்றம் வந்த வழியே அவர்களை அப்படி ஆக்கியிருந்தது. 'இந்தக் குழுவே இப்படித்தான்' என்று எவராவது உங்களிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சமூக உளவியலாளர் எட்வின் ஹாலண்டர் 1958-இல் முன்வைத்த கருத்தும் இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. ஒருவர் குழுவின் நெறிகளை மதித்து, அதன் பணிக்குப் பயன்பட்டு, சிறுகச் சிறுக நன்மதிப்பைச் சேமித்துக்கொள்கிறார். பின்னர் வழக்கத்தை மீறிய ஒன்றைச் செய்யும்போது அந்தச் சேமிப்பிலிருந்தே செலவழிக்கிறார். உங்களிடம் இப்போது சேமிப்பு இல்லை. எனவே பெரிய மாற்றங்களைத் தள்ளிவைத்து, குழுவே சுமையாக உணரும் ஒன்றை முதலில் எடுத்து, அதைச் சரிசெய்யும் வழியை அவர்களையே வகுக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக்கு ஆபத்தானவை, சட்டத்துக்குப் புறம்பானவை, பணத்தில் முறைகேடு, ஒருவரைத் துன்புறுத்துவது ஆகியவற்றுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. அவற்றை அறிந்த அன்றே நிறுத்தவேண்டும், எவருடைய மனம் கோணினாலும் சரி.

கருத்துக் கேட்பதில் ஒரு நேர்மை வேண்டும். எந்த முடிவு முழுக்க உங்களுடையது, எதில் அவர்கள் கருத்தைக் கேட்டுவிட்டு நீங்கள் முடிவெடுப்பீர்கள், எதை அவர்களே முடிவு செய்யலாம் என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே முடிவான ஒன்றுக்குக் கருத்துக் கேட்பதுபோல் நடிப்பது, கேட்காமலே இருப்பதைவிடக் கொடியது. தகராறுகளைத் தீர்க்கும் முறைகளை ஆராய்ந்த ஜான் திபோவும் லாரன்ஸ் வாக்கரும் 1970-களில் காட்டியது போல, தம் தரப்பைச் சொல்ல உண்மையான வாய்ப்புக் கிடைத்தவர்கள், முடிவு தமக்குப் பாதகமாக வந்தாலும் அதை நியாயமானதாகக் கருதும் வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு பொறுமையைப் பற்றிப் பேசிவிட்டதால், எல்லையைப் பற்றியும் அதே அழுத்தத்தோடு சொல்லவேண்டும். உடன்படாமல் பேசுவதும், வேலைக்கு முட்டுக்கட்டை போடுவதும், மனிதரை இழிவுபடுத்துவதும் மூன்று வேறு செயல்கள். முதலாவதை வரவேற்கவேண்டும். இரண்டாவதில், தனியே அழைத்து, எந்த வேலை, எந்த நாளில், எப்படித் தடைபட்டது, இனி என்ன நடக்கவேண்டும், எந்த நாளுக்குள் என்று திட்டவட்டமாகப் பேசி, அதே நாளில் அதைச் சுருக்கமாக எழுதியும் அனுப்பவேண்டும்; மறுபடியும் நேர்ந்தால் மனிதவளப் பிரிவின் துணையோடு முறைப்படி அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். ஒருவருடைய பிழைக்காகக் குழு முழுவதற்கும் கண்டிப்பான மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். குற்றம் செய்யாதவர்கள் புண்படுவார்கள், செய்தவரோ அது தம்மைப் பற்றியதன்று என்று எடுத்துக்கொள்வார்.

மூன்றாவதைப் பற்றி ஐயத்துக்கே இடமில்லை. உங்கள் பாலினம், இனம், சாதி, மதம், வயது, உடல்நிலை ஆகியவற்றைக் குறிவைத்துப் பேச்சோ செயலோ வந்தால், அதைப் 'புதிய மேலாளருக்கு வரும் வழக்கமான எதிர்ப்பு' என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நாள், நேரம், சொன்ன சொற்கள், உடன் இருந்தவர்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, நிறுவனத்தின் புகார் வழியைப் பயன்படுத்துங்கள். கீழிருந்து மேல் நோக்கியும் துன்புறுத்தல் நிகழும். மேலாளராக இருப்பதால் அதைத் தாங்கியே தீரவேண்டும் என்ற கடமை எவருக்கும் கிடையாது.

உங்களைத் தாண்டி மேலதிகாரியிடம் போகிறவர்களைத் தடுக்க முயலாதீர்கள். மேலதிகாரியிடம் பேசுங்கள். அப்படி வருகிறவரிடம் "இதை உங்கள் மேலாளரிடம் சொன்னீர்களா, அவர் என்ன சொன்னார்" என்று அவர் கேட்டு அனுப்பினால் போதும், சில வாரங்களில் அந்தப் பாதை தானே அடைபட்டுவிடும். அவரிடம் வேறு சிலவற்றையும் கேட்டுத் தெளிவுபெறுங்கள்: எனக்கு முன்பிருந்தவர் ஏன் போனார், முதல் ஆண்டில் என்னிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, எந்த முடிவுகளை நான் உங்களைக் கேட்காமல் எடுக்கலாம். தனிப்பட்ட கொடுமை பற்றிய புகாருக்கு மட்டும் மேலிடத்தின் கதவு எவருக்கும் திறந்தே இருக்கவேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் எடுத்த முடிவுகளை மேலதிகாரி தொடர்ந்து குழுவின் முன்னிலையில் மாற்றிக்கொண்டே இருந்தால், நான் இங்கே சொன்ன எதுவும் பலன் தராது. அப்போது சிக்கல் குழுவில் இல்லை. அதை அவரிடமே எடுத்துச் சொல்லவேண்டும். சொல்லியும் மாறாவிட்டால், அந்த இடத்தில் நீங்கள் தொடரலாமா என்று யோசிப்பதில் தவறில்லை.

உங்களைப் பற்றியும் ஒரு சொல். வேலைநாள் முழுவதும் பகைமையின் நடுவே இருப்பது உடலையும் உறக்கத்தையும் பாதிக்கும். இதை மனம்விட்டுப் பேச, குழுவுக்கு வெளியே, முடிந்தால் நிறுவனத்துக்கும் வெளியே, அனுபவமுள்ள ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். குழுவில் எவரிடமும் மற்றவரைப் பற்றிப் புலம்பாதீர்கள். முன்பிருந்த மேலாளரைக் குறைகூறாதீர்கள். 'நான் முன்பு வேலை செய்த இடத்தில்' என்று தொடங்கும் வாக்கியத்தை முதல் ஆறு மாதங்களுக்கு முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

நிலைமை மாறுகிறது என்பதை எப்படி அறிவது என்றும் நீங்கள் கேட்கக்கூடும். சிரித்த முகங்களையும் வணக்கங்களையும் வைத்து அளக்காதீர்கள். ஒருநாள் குழுவில் ஒருவர், நீங்கள் கேட்காமலே, தம் வேலையில் நேர்ந்துவிட்ட பிழையையோ தவறிப்போகவிருக்கும் கெடுவையோ முன்கூட்டியே உங்களிடம் வந்து சொல்வார். அதுவே நம்பத்தகுந்த அடையாளம். மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உள்ள குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகளை மறைக்காமல் சொல்ல முடிந்தது என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். அப்படி ஒருவர் உங்களிடம் வரும்போது, கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு முழுவதையும் கேளுங்கள். முன்பே சொன்னதற்கு நன்றி கூறுங்கள். இப்போது என்ன செய்தால் சேதம் குறையும், அதற்கு என்னிடமிருந்து என்ன தேவை என்று கேட்டு, அதை அன்றே செய்துகொடுங்கள். பிழை எப்படி நேர்ந்தது என்ற விசாரணை மறுநாள்வரை காத்திருக்கலாம். அதை நடத்தும்போதும் அவர் தாமே முன்வந்து சொன்னார் என்பது பதிவில் இருக்கட்டும். அன்று மாலைக்குள் அந்தச் செய்தி குழு முழுவதற்கும் தெரிந்திருக்கும், அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் வாய் திறப்பதற்கு வழி அதிலிருந்தே பிறக்கும்.